'அவர்கள்தான் முதலில் அடித்தார்கள்': தற்காப்பு வாதம் எங்கே நிற்கும், எங்கே விழும்?

தெருச் சண்டையானாலும் சரி, இரண்டு நாடுகளுக்கு இடையிலான போரானாலும் சரி, விசாரணை என்று வந்துவிட்டால் இரு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "அவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள்." முதலில் ஆரம்பித்தது யார் என்று காட்டிவிட்டால் தற்காப்பு என்பது உறுதியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். சட்டமும் அதைக் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் அதோடு விட்டுவிடுவதில்லை. நீங்கள் திருப்பி அடித்த நேரத்தில் ஆபத்து இன்னும் இருந்ததா? அதிலிருந்து தப்ப வேறு வழி இருந்ததா? சட்டம் பிடித்துக்கொள்ளும் கேள்விகள் இவைதான். கொஞ்சம் முந்தினால் அது தாக்குதல், கொஞ்சம் பிந்தினால் பழிவாங்கல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய நேரத்துக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தைத் தனி மனிதர்களிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுத்திருக்கிறோம். ஒருவர் நம்மை அடித்தால் போலீஸுக்குப் போக வேண்டும், நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆனால் கழுத்துக்கு நேரே கத்தி வரும்போது, போலீஸ் வந்து சேரும்வரை பொறுத்திரு என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. அரசால் வந்து சேர முடியாத அந்த இடைவெளிக்கு மட்டும் அதிகாரம் நம் கைக்குத் திரும்ப வருகிறது. நாடுகளின் கதையும் ஏறத்தாழ இதுதான். 1945-ல் கையெழுத்தான ஐ.நா. சாசனம் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. உலக அமைதியைக் காக்கும் முதன்மைப் பொறுப்பைப் பாதுகாப்பு கவுன்சிலிடம் கொடுத்தது. கவுன்சில் நடவடிக்கை எடுக்கும்வரை தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்று 51-வது பிரிவில் ஒரு விதிவிலக்கும் வைத்தது.

காகிதத்தில் இரண்டும் ஒரே அமைப்பு. நடைமுறையில் இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைப் பார்க்க, முதலில் தனி மனிதரின் வழக்கை எடுத்துக்கொள்வோம்.

செய்தேன், ஆனால் குற்றமில்லை

"அந்த இடத்தில் நான் இல்லவே இல்லை" என்பது மறுப்பு. தற்காப்பு வேறு வகை வாதம். "ஆமாம், நான்தான் அடித்தேன். ஆனால் அப்படி அடிக்க எனக்கு உரிமை இருந்தது" என்று அது சொல்கிறது. செயலை ஒப்புக்கொண்டு, அதைக் குற்றம் என்று அழைப்பதை மட்டும் எதிர்க்கிறது. அதனால் இது கொஞ்சம் ஆபத்தான வாதமும்கூட. வாதம் விழுந்துவிட்டால் ஒப்புக்கொண்ட செயல்தான் மிச்சம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவருடைய செயல் நியாயமான தற்காப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால், அதை எதிர்த்து அடித்தவர் தற்காப்புக் கோர முடியாது. வீடு புகுந்து தாக்க வந்தவர், வீட்டுக்காரர் தடி எடுத்ததும் "என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் குத்தினேன்" என்று சொன்னால் அது எடுபடாது. சண்டையை மூட்டியவருக்கும் பொதுவாக இதே நிலைதான். அவர் சண்டையை விட்டு விலகுவதாகத் தெளிவாகக் காட்டிய பிறகும் மற்றவர் விரட்டி வந்து தாக்கினால்தான் அவருக்கு அந்த உரிமை மறுபடி பிறக்கும்.

காக்க வேண்டியது தன் உயிராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றப் பலத்தைப் பயன்படுத்தினாலும் பெரும்பாலான நாடுகளின் சட்டம் இதே பாதுகாப்பைத் தரும். சொத்தைக் காப்பதற்கும் உரிமை உண்டு, ஆனால் அதன் எல்லை குறுகியது. இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக வந்திருக்கின்றன. எந்தெந்தச் சூழலில் தாக்குபவருக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குக்கூடப் போகலாம் என்று அந்தச் சட்டம் பட்டியலே போடுகிறது. உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை அதில் இருக்கின்றன. சொத்து என்று வரும்போது கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுதல், வசிக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் என்று பட்டியல் சுருங்கிவிடுகிறது. பாக்கெட்டில் கைவிட்டுவிட்டு ஓடும் திருடனைச் சுட்டுக் கொல்ல அந்தப் பட்டியலில் இடமில்லை. அதிகாரிகளை நாடிப் பாதுகாப்புப் பெற நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

முந்துவதும் பிந்துவதும்

முதல் அடி தன் மேல் விழும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தாக்கப்படப் போகிறவர் எதிராளி முதல் அடி அடிக்கும்வரையோ முதல் குண்டைச் சுடும்வரையோ காத்திருக்கத் தேவையில்லை என்று சில காமன்வெல்த் நாடுகளின் மேல்முறையீடுகளைக் கேட்கும் லண்டன் பிரிவி கவுன்சில் 1987-ல் ஒரு ஜமைக்கா வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆனால் ஆபத்து உடனடியாக வரப்போவதாக இருக்க வேண்டும். "என்றைக்காவது ஒருநாள் உன்னைத் தீர்த்துக்கட்டுவேன்" என்று மிரட்டியவரை அடுத்த வாரம் தேடிப்போய் வெட்டினால் அது தற்காப்பு ஆகாது. இடையில் ஒரு வாரம் இருந்தது, புகார் கொடுத்திருக்கலாம்.

பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு வட அயர்லாந்தில் 1990-ல் நடந்த ஒரு சம்பவம் நல்ல எடுத்துக்காட்டு. ரோந்தில் இருந்த ஒரு பிரிட்டிஷ் படைவீரர் வேகமாக வந்த கார் ஒன்றின் மீது நான்கு முறை சுட்டார். கார் நெருங்கி வந்தபோது சுட்ட மூன்று குண்டுகளைத் தற்காப்பாகக் கொள்ளலாம் என்று விசாரணை நீதிபதி ஏற்றுக்கொண்டார். நான்காவது குண்டு, கார் கடந்து போன பிறகு சுடப்பட்டது என்று முடிவு செய்தார். உள்ளே இருந்த ஓர் இளம்பெண் இறந்துபோனார். கொலைக் குற்றம் உறுதியானது, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் 1995-ல் அதை ஏற்றது. சில நொடிகளில் முடிந்துபோன ஒரு நிகழ்வை நீதிமன்றம் குண்டு குண்டாகப் பிரித்துப் பார்த்தது. பிற்பாடு புதிய தடயவியல் சான்றுகள் வந்து அந்தக் கொலைக் குற்றத் தீர்ப்பு ரத்தானது உண்மை. ஆனால் ஆபத்து கடந்துபோன பிறகு பலத்தைப் பயன்படுத்தினால் அது தற்காப்பு ஆகாது என்ற கொள்கை அசையவில்லை.

அந்த வழக்கில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. தற்காப்பு எல்லையை ஒருவர் கொஞ்சம் தாண்டிவிட்டால் அவரை முழுக் கொலைகாரராகவே பார்ப்பதா? அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் நடுவழி கிடையாது: முழு விடுதலை, இல்லையென்றால் கொலை. இந்தியச் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமானது என்று நினைக்கிறேன். நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளப்போய் எல்லை மீறியவர் மீது கொலைக் குற்றம் விழாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் மட்டுமே விழும்படி ஒரு விதிவிலக்கை அது ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கிறது. ஜெர்மானியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழப்பம், பயம், திகில் இவற்றால் எல்லை மீறியவருக்குத் தண்டனையே இல்லை என்று அதன் 33-வது பிரிவு சொல்கிறது.

'உடனடி ஆபத்து' என்ற விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்வதை மனத்தில் வைத்து வளர்ந்த விதி இது. வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே அடி வாங்கும் ஒரு பெண்ணுக்கு இது பொருந்துமா? கனடா உச்ச நீதிமன்றம் 1990-ல் இதை நேராக எதிர்கொண்டது. இரவு எல்லாரும் போன பிறகு உன்னைக் கொன்றுவிடுவேன் என்ற வகையில் மிரட்டிவிட்டு அறையை விட்டுத் திரும்பிப் போன துணைவரை, ஒரு பெண் பின்னாலிருந்து சுட்டார். பழைய கணக்குப்படி ஆபத்து அந்த நொடியில் இல்லை, அவர் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். ஆனால் அந்த மனிதரின் வன்முறை எப்படித் தொடங்கும், எப்போது உச்சத்துக்குப் போகும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நிபுணர் சாட்சியம் இல்லாமல் அது ஜூரிக்கு, அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள் குழுவுக்கு, புரியாமல் போகலாம் என்று நீதிபதி பெர்த்தா வில்சன் எழுதினார். கத்தியை ஓங்கும்வரை காத்திரு என்று அத்தகைய பெண்ணிடம் சொல்வது தவணை முறையில் சாகச் சொல்வதற்குச் சமம் என்ற ஓர் அமெரிக்கத் தீர்ப்பின் கருத்தையும் எடுத்துக்காட்டினார். அந்தப் பெண்ணின் விடுதலை நிலைத்தது. இப்போது கனடாவின் சட்டத்தில் ஆபத்தின் உடனடித் தன்மை, பரிசீலிக்க வேண்டிய பல அம்சங்களில் ஒன்று மட்டுமே. என் பார்வையில் தற்காப்புச் சட்டத்தில் கடந்த அரை நூற்றாண்டில் வந்த மிக முக்கியமான திருத்தம் இதுதான். நேரத்தை அளக்கும்போது யாருடைய கண்ணால் அளக்கிறோம் என்பதையும் அது கணக்கில் சேர்த்தது.

எவ்வளவு அடிக்கலாம்?

'கைக்குக் கை, கத்திக்குக் கத்தி' என்று சட்டம் சொல்வதாக ஒரு நம்பிக்கை உண்டு. அது தப்பு. ஆயுதத்தை ஆயுதத்தோடு ஒப்பிடுவதில்லை. வந்த ஆபத்தின் அளவோடுதான் எதிர்ச்செயலை ஒப்பிடுவார்கள். வெறுங்கையால் கழுத்தை நெரிப்பவரிடமிருந்து தப்பக் கையில் அகப்பட்ட கத்தியை எடுப்பது பொருத்தமாகவே இருக்கலாம். கன்னத்தில் ஒரு அறை விட்டவரைக் குத்திக் கொல்வது பொருந்தாது.

இதை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கவும் மாட்டார்கள். தங்கம் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று இந்திய நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஓங்கிய கத்தியின் முன்னால் நிற்பவரிடம் ஆற அமர யோசிக்கும்படி எதிர்பார்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் 1921-ல் எழுதினார். பயந்துபோன மனிதருக்குச் சட்டம் தரும் இந்தச் சலுகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாடுகளிடம் வரும்போது இது காணாமல் போகும்.

ஓடித் தப்பிக்க முடிந்தால் ஓட வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், பாதுகாப்பாக விலகிப் போக முடியுமென்றால் உயிரைப் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்துவதற்கு முன் விலக வேண்டும் என்பது பழைய விதி. சொந்த வீட்டுக்குள் மட்டும் அந்தக் கடமை இல்லை. 2005-ல் ஃப்ளோரிடா ஒரு சட்டம் இயற்றி, சட்டப்படி இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் பின்வாங்கத் தேவையில்லை என்றது. வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. இங்கிலாந்தில் ஓட வேண்டிய கடமை இல்லை. ஆனால் ஓடியிருக்க முடியுமா என்பதை ஜூரி கணக்கில் எடுக்கலாம். ஃப்ளோரிடா வழி எனக்கு உவப்பானது அல்ல. 'வேறு வழி இருந்ததா' என்ற கேள்விதான் தற்காப்புக்கு உயிர். அதைக் கேட்காமல் விட்டால், கோபத்தில் சுட்டவரையும் பயத்தில் சுட்டவரையும் பிரித்தறிவது கடினமாகிவிடும்.

தவறாக நம்பினால்?

எதிரே வந்தவர் கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, செல்போன் என்று பிறகு தெரியவருகிறது. அப்போது? பெரும்பாலான சட்டங்கள் உண்மையில் என்ன இருந்தது என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. அவர் என்ன நம்பினார் என்பதைப் பார்க்கும். ஆனால் எந்த மாதிரி நம்பிக்கை? இங்கிலாந்தில் அந்த நம்பிக்கை நேர்மையானதாக இருந்தாலே போதும், நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடித்துவிட்டு உண்டான மயக்கத்தில் அப்படி நம்பினேன் என்றால் மட்டும் செல்லாது. அமெரிக்காவில் பொதுவாக நியாயமான மனிதர் ஒருவரும் அந்த இடத்தில் அப்படித்தான் நம்பியிருப்பார் என்று காட்ட வேண்டும்.

இந்த இரண்டு அளவுகோல்களும் நியூயார்க்கில் மோதிக்கொண்டன. 1984 டிசம்பரில் சுரங்க ரயிலில் நான்கு இளைஞர்கள் ஒருவரை நெருங்கிப் பணம் கேட்டார்கள். கொள்ளையடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்த அவர் துப்பாக்கியை எடுத்து நால்வரையும் சுட்டார். "அவருக்கு அது நியாயமாகத் தோன்றியது" என்பது போதாது, பொது அளவுகோலிலும் அது நியாயமாக இருக்க வேண்டும் என்று மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-ல் சொன்னது. சட்டம் இப்படிக் கறாராக நின்றும், அடுத்த ஆண்டு ஜூரி அவரைக் கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து விடுவித்து, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் குற்றவாளி என்றது. சுட்டவர் வெள்ளையர், சுடப்பட்டவர்கள் கறுப்பின இளைஞர்கள் என்பதால் அந்த வழக்கு நகரத்தையே இரண்டாகப் பிளந்தது. 'நியாயமான பயம்' என்பதற்குள் யாரைப் பார்த்துப் பயப்படுவது நியாயம் என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்பதை அது வெளியே இழுத்துப் போட்டது.

நிரூபிக்கும் பொறுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் தற்காப்புக்கு ஓரளவு சான்று இருந்தாலே போதும். அது தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும். இந்தியாவில் விதிவிலக்கைக் கோருபவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஆனால் அரசுத் தரப்புக்கு இருக்கும் அளவு சுமை அவருக்குக் கிடையாது. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

எரிந்த கப்பலும் ஒரு கொலை வழக்கும்

நாடுகளின் தற்காப்புக்கு இன்றுவரை மேற்கோளாகும் சொற்கள் பிறந்ததற்கு ஒரு கொலை வழக்கும் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

1837-ல் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. கிளர்ச்சியாளர்கள் நயாகரா ஆற்றில் ஒரு தீவைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கரையிலிருந்து 'கரோலின்' என்ற நீராவிக் கப்பல் அவர்களுக்கு ஆட்களையும் பொருள்களையும் கொண்டுபோனது. டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் தரப்பினர் ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் நின்ற கப்பலைக் கைப்பற்றித் தீவைத்து, நீர்வீழ்ச்சியை நோக்கி விட்டார்கள். ஓர் அமெரிக்கர் கொல்லப்பட்டார். மூன்று வருடம் கழித்து, அந்தத் தாக்குதலில் பங்கெடுத்ததாகச் சொல்லப்பட்ட மெக்லியாட் என்பவரை நியூயார்க் மாநிலம் கொலைக் குற்றத்தில் கைது செய்தது. பிரிட்டன் கொதித்தது: அது அரசின் செயல், தற்காப்புக்காகச் செய்தது, தனி மனிதரை எப்படித் தண்டிக்கலாம்?

அதையொட்டி அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் 1841-ல் பதில் எழுதினார். தற்காப்பு என்று சொல்ல வேண்டுமானால் அதன் அவசியம் உடனடியானதாகவும், மேலோங்கி நிற்பதாகவும், வேறு வழியைத் தேர்ந்தெடுக்க இடமோ யோசிக்க நேரமோ தராததாகவும் இருந்தது என்று பிரிட்டன் காட்ட வேண்டும் என்றார். செய்த செயலும் அந்த அவசியத்தின் எல்லைக்குள் நின்றிருக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் தூதர் ஆஷ்பர்ட்டன் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டார். நடந்தது அதற்குள் அடங்கும் என்பதுதான் அவர் நிலைப்பாடு. மெக்லியாட் சம்பவ இடத்திலேயே இல்லை என்று ஜூரி நம்பி, 1841-லேயே அவரை விடுவித்துவிட்டது. அவசியம், உடனடித் தன்மை, அளவுப் பொருத்தம்: தெருச் சண்டையை அளக்கும் அதே மூன்றும் நாடுகளுக்கும் வந்து சேர்ந்தன.

எது 'ஆயுதத் தாக்குதல்'?

ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் மீது ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தனியாகவோ கூட்டாகவோ தற்காத்துக்கொள்ளும் இயல்பான உரிமையைச் சாசனம் பறிக்காது என்கிறது. எடுத்த நடவடிக்கையை உடனே பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். கவுன்சில் தேவையானதைச் செய்யும்வரைதான் இந்த உரிமை.

எல்லையில் இரண்டு குண்டு வெடித்தால் அது ஆயுதத் தாக்குதல் ஆகுமா? நிகரகுவா அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1986-ல் ஒரு கோடு போட்டது. பலப் பிரயோகத்தின் மிகக் கடுமையான வடிவங்கள்தான் ஆயுதத் தாக்குதல். வெறும் எல்லைச் சச்சரவு அதில் சேராது. கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுப்பது சட்டவிரோதத் தலையீடாக இருக்கலாம், ஆனால் ஆயுதத் தாக்குதல் ஆகாது. எல் சால்வடாரைக் காப்பதற்காகத்தான் நிகரகுவா மீது நடவடிக்கை எடுத்தோம் என்ற அமெரிக்க வாதம் அங்கே விழுந்தது. தாக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நாடே அப்படி அறிவித்து உதவி கேட்டிருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். தெருவில் அடிபடும் ஒருவரைக் காப்பாற்ற அவர் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாடுகள் விஷயத்தில் அழைப்பு கட்டாயம். காரணம் புரியாமல் இல்லை. 1979-ல் சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தான் அரசு அழைத்ததாலேயே படை அனுப்பியதாகச் சொல்லி 51-வது பிரிவையும் காட்டியது. அந்த அரசின் தலைவரான ஹஃபீசுல்லா அமீனோ சோவியத் படைகளின் தாக்குதலிலேயே கொல்லப்பட்டார்.

முந்திக்கொள்வது பற்றிய சர்ச்சை இன்னும் அடங்கவில்லை. தாக்குதல் 'நிகழ்ந்தால்' என்று சாசனம் சொல்வதால் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். எதிரிப் படை கிளம்பிவிட்ட பிறகு அடிக்கலாம், கரோலின் காலத்திலிருந்தே அது ஏற்கப்பட்டதுதான் என்பார்கள் இன்னொரு சாரார். வருங்காலத்தில் ஒருநாள் ஆபத்தாகலாம் என்பதற்காக இன்றே அடிப்பதை மட்டும் பெரும்பாலான நாடுகள் ஏற்பதில்லை. ஈராக்கின் அணு உலையை இஸ்ரேல் 1981 ஜூனில் குண்டுவீசித் தகர்த்தபோது, பாதுகாப்பு கவுன்சில் அமெரிக்கா உட்பட ஒருமனதாக 487-வது தீர்மானத்தில் அதைக் கண்டித்தது. 2002-ல் அமெரிக்கா தன் பாதுகாப்புக் கொள்கை ஆவணத்தில், தாக்குதல் எப்போது எங்கே என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் முந்திச் செயல்படலாம் என்ற அளவுக்கு எல்லையை நகர்த்தப் பார்த்தது. அதைப் பொது விதியாக உலகம் ஏற்கவில்லை.

தாக்குபவர் ஒரு நாடாக இல்லாமல் ஆயுதக் குழுவாக இருந்தால்? 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாளே பாதுகாப்பு கவுன்சில் 1368-வது தீர்மானத்தில் தற்காப்பு உரிமையைச் சுட்டிக்காட்டியது. 2004-ல் சர்வதேச நீதிமன்றமோ, 51-வது பிரிவு ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது நடத்தும் தாக்குதலைப் பற்றியது என்று எழுதியது. குழு ஒளிந்திருக்கும் நாட்டுக்கு அதை அடக்க மனமோ வலுவோ இல்லையென்றால் அந்த மண்ணில் தாக்கலாம் என்று சில நாடுகள் வாதிடுகின்றன. பல நாடுகள் இதை மறுக்கின்றன. நாளிதழ்களில் வரும் எல்லை தாண்டிய ட்ரோன் தாக்குதல்களில் பலவும் இந்தத் தீராத கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

நாடு ஒரு பயந்த மனிதர் அல்ல

பிந்துவதற்கு நான் எடுத்துக்காட்டும் வழக்கு ஈரானின் எண்ணெய் மேடைகள் பற்றியது. 1987 அக்டோபரில் அமெரிக்கக் கொடியுடன் இருந்த எண்ணெய்க் கப்பல் ஒன்றை ஏவுகணை தாக்கியது. மூன்று நாள் கழித்து அமெரிக்கக் கடற்படை ஈரானிய எண்ணெய் மேடைகளை அழித்தது. 1988 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் கண்ணிவெடியில் மாட்டியது. நான்கு நாளில் இன்னும் சில மேடைகள் தாக்கப்பட்டன. சர்வதேச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்தபோது தற்காப்பு வாதத்தை ஏற்கவில்லை. ஏவுகணையும் கண்ணிவெடியும் ஈரானுடையவை என்பது நிரூபிக்கப்படவில்லை. மேடைகளில் நடப்பதாகச் சொன்ன ராணுவ வேலைகளைப் பற்றி அமெரிக்கா அதற்கு முன் ஈரானிடம் புகார் செய்ததாகவும் தெரியவில்லை. ஒரு மேடை முன்பே திட்டமிட்ட இலக்கும் அல்ல, வாய்ப்பாக அகப்பட்டதைத் தாக்கினார்கள். அவசியம் என்பது கண்டிப்பான, புறநிலையான அளவுகோல். அதில் நாட்டின் சொந்த விருப்ப முடிவுக்கு இடமில்லை என்று நீதிமன்றம் எழுதியது.

தங்கத் தராசு வேண்டாம் என்று தனி மனிதருக்குச் சொன்ன சட்டம், நாடுகளிடம் இப்படிக் கறாராகப் பேசுவது சரி என்றே எனக்குப் படுகிறது. ஒரு நாட்டுக்கு உளவுத் துறை இருக்கிறது, தூதரகம் இருக்கிறது, மூன்று நாள் உட்கார்ந்து பேச அமைச்சரவை இருக்கிறது. அதே வளைகுடாவில் 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஏறி வந்த விமானத்தைப் போர் விமானம் என்று நம்பிச் சுட்டது. அது ஈரானின் பயணிகள் விமானம். 290 பேர் இறந்தார்கள். தற்காப்பு என்றுதான் அமெரிக்கா சொன்னது. பின்னர் 1996-ல், சட்டப் பொறுப்பை ஏற்காமலே, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தர உடன்பட்டது. அதனால் நாடுகள் தவறாக நம்பினால் என்ன விதி என்ற கேள்விக்கு அந்தச் சம்பவத்தில் தீர்ப்பு வரவில்லை.

யார் தீர்ப்புச் சொல்வது?

காகிதத்தில் ஒன்றாக இருந்த இரண்டு சட்டங்களும் இங்கேதான் பிரிகின்றன. தனி மனிதர் "எனக்கு இஷ்டமில்லை" என்று நீதிமன்றத்துக்கு வராமல் இருக்க முடியாது. நாடு வராமல் இருக்கலாம். இரு தரப்பும் ஏதாவது ஒரு வகையில் சம்மதித்தால்தான் சர்வதேச நீதிமன்றம் வழக்கையே எடுக்க முடியும். நிகரகுவா வழக்கில் அமெரிக்கா 1985-ல் பாதியில் விலகிக்கொண்டது. தோற்ற பிறகு, தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் தீர்மானத்தைப் பாதுகாப்பு கவுன்சிலில் தன் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தது.

அதனால் நாடுகளின் தற்காப்பு வாதம் பெரும்பாலும் ஒரு கடிதமாகவே நின்றுவிடுகிறது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் படையை அனுப்பிய ரஷ்யாவும் 51-வது பிரிவைக் காட்டித்தான் பாதுகாப்பு கவுன்சிலுக்குக் கடிதம் கொடுத்தது. கவுன்சிலில் ரஷ்யாவுக்கு வீட்டோ இருந்ததால் விஷயம் பொதுச் சபைக்குப் போனது. மார்ச் 2 அன்று 141 நாடுகள் அதை ஆக்கிரமிப்பு என்று கண்டித்து வாக்களித்தன, 5 நாடுகள் எதிர்த்தன, 35 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. வாக்கெடுப்பு போரை நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை உலகம் எப்படிப் படித்தது என்பதற்கு அது ஒரு பதிவு.

கடிதம் எழுதுவதோடு கதை முடிந்துவிடக் கூடாது என்பதை நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம் 1946-லேயே சொல்லியிருந்தது. 1940-ல் நார்வேயைத் தாக்கியது தற்காப்புதான், பிரிட்டன் முந்திவிடும் என்று பயந்தோம் என்பது ஜெர்மானியத் தலைவர்களின் வாதம். நீதிபதிகள் வெப்ஸ்டரின் சொற்களை எடுத்து அளந்து பார்த்து அதை நிராகரித்தார்கள். தற்காப்பா இல்லையா என்பதைத் தாக்கிய நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. சர்வதேசச் சட்டம் எப்போதாவது அமலாக வேண்டுமானால் அந்தக் கேள்வி முறையான விசாரணைக்கு உட்பட்டே ஆக வேண்டும் என்றார்கள்.

கடைசியாக, செய்தி படிக்கும்போது அடிக்கடி குழம்பிப்போகும் ஒன்று. ஒரு நாடு போரில் இறங்கியது நியாயமா என்பது ஒரு கேள்வி. இறங்கிய பிறகு அந்த நாட்டின் படைவீரர் நடந்துகொண்டது நியாயமா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கும். கைதிகளைக் கொன்ற வீரர் "எங்கள் நாடு தற்காப்புப் போர் நடத்தியது" என்று சொல்லித் தப்ப முடியாது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தின் 31-வது பிரிவு தனி மனிதரின் தற்காப்பை ஏற்கிறது: உடனடியான, சட்டவிரோதமான தாக்குதல் இருக்க வேண்டும், எதிர்ச்செயல் நியாயமாகவும் அளவோடும் இருக்க வேண்டும். அதே பிரிவு இன்னொரு வரியும் சேர்க்கிறது. தற்காப்பு நடவடிக்கையில் ஈடுபட்ட படையில் ஒருவராக இருந்தார் என்பது மட்டுமே குற்றப் பொறுப்பிலிருந்து விடுபடக் காரணமாகாது.